எந்த நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பது

1

ஆகஸ்ட் பதினைந்து. பெர்கனில் அன்று விடுமுறை இல்லை. வேலைக்குப் போகும் பேருந்தில் நனைந்த குடையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நார்வேயின் இந்த மேற்குக் கரை நகரத்தில் மழை நின்றால்தான் செய்தி. கைபேசி அதிர்ந்தது. இங்கிருக்கும் தமிழ்நாட்டுக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு படம்.

பிளாஸ்டிக் நாற்காலியில் என் அக்கா வசந்தாவின் கணவர், தணிகாசலம் மாமா. கழுத்தில் ஜரிகைச் சால்வை. பல் பிடுங்கிக்கொள்ள வந்தவருக்கு மாலை போட்டால் எப்படி விழிப்பாரோ, அப்படி ஒரு விழிப்பு. படத்தின் கீழே எழுதியிருந்தது: "மாற்று முகாமிலிருந்து விலகி நம்மோடு இணைந்த மூத்த தொண்டர்."

அதற்கும் கீழே பெர்கன்வாசிகளின் கட்டை விரல்கள், கைதட்டல்கள், நெருப்புப் படங்கள். "உங்க மாமாதானே ரவி? லேட்டா தெளிஞ்சாலும் தெளிஞ்சாரே!" என்று ஒருவர். "விலை போயிட்டார்" என்று இன்னொருவர். மாமாவின் வேட்டிக் கரை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாறியதே இல்லை. கல்யாணப் பட்டு வேட்டியைத் தாலி கட்டிய கையோடு அவிழ்த்துப் போட்டுவிட்டு, கட்சிக் கரை வேட்டியில் பந்திக்கு வந்தவர் அவர்.

பேருந்திலிருந்தே அக்காவை அழைத்தேன்.

"அக்கா, மாமா கட்சி மாறிட்டாரா?"

"மாறினாரு, மண்ணாங்கட்டி. முட்டி வலிடா. குந்திட்டாரு."

2

நெம்மேலியைத் தாண்டி மாமல்லபுரம் வருவதற்குள், ஈசிஆர் சாலையின் இரண்டு பக்கமும் கிடக்கிறது எங்கள் ஊர். வருடத்தில் சில நாள்கள் அங்கே கிராம சபை கூடும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. ஊரில் ஓட்டு உள்ள எவரும் வரலாம். எழுந்து நின்று தலைவரைக் கேள்வி கேட்கலாம். கை தூக்கித் தீர்மானம் போடலாம். சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் நமக்காக வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். இங்கே மட்டும்தான் நாமே உட்கார முடியும்.

உட்காருவதில்தான் வினை. முன்பு ஊராட்சிக்கென்று சொந்தமாக நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கால் உடைந்தன. பிறகு ஒரு முகாமைச் சேர்ந்த சேகர், ஷாமியானா வாடகைக் கடை வைத்திருப்பவர், தன் சந்தன நிற நாற்காலிகளை இலவசமாகக் கொண்டுவந்து போட்டார். அவன் நாற்காலியில் நாங்கள் குந்துவதா என்று எதிர்முகாம் திருக்கழுக்குன்றத்தில் இருந்து பழுப்பு நாற்காலிகளை வரவழைத்தது. கொடியின் நிறம்கூடக் கிடையாது, வாடகைக் கடைகளின் நிறம்! அப்படியே பழகிவிட்டது. பந்தலுக்குள் இடப்பக்கம் சந்தனம், வலப்பக்கம் பழுப்பு, நடுவே ஒரு பாதை. அந்தப் பாதையில் கட்சி சாராமல் நடந்துபோகும் ஒரே ஜீவன் நாய்தான்.

சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், மாமா உட்காரும்வரை.

அவர் அன்றைக்குப் போனது தண்ணீருக்காக. அக்கா இருக்கும் குளத்தங்கரைத் தெருவில் விவசாயக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் சுவருக்குச் சுவர் இருக்கிறார்கள். அந்தத் தெருவுக்கென்று ஒரு மேல்நிலைத் தொட்டி உண்டு. சந்தன முகாம் பதவியில் இருந்தபோது கட்டியது. தெரு முழுக்கக் குழாயும் உண்டு. இப்போது பதவியில் இருக்கும் பழுப்பு முகாம் போட்டது. தொட்டியையும் குழாயையும் சேர்க்க வேண்டிய இடத்தில், ஒரு தென்னை மரத்தைச் சாய்த்தால் எட்டிவிடும் தூரத்துக்கு, வெறும் மண். இணைத்தால் பெருமை தொட்டி கட்டியவனுக்குப் போய்விடும் என்று பழுப்பு முகாம். குழாய் போட்டவனுக்குப் போய்விடும் என்று சந்தன முகாம். தொட்டியில் தண்ணீர் நிற்கிறது, குழாயில் காற்று நிற்கிறது. தெருப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈசிஆரைக் குறுக்கே கடந்து அடிபம்புக்குப் போகிறார்கள்.

அந்தச் சாலையில் சனி ஞாயிறுகளில் கார்கள் எப்படிப் பறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அக்காவின் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவின் குடத்தை ஒரு கார்க் கண்ணாடி தட்டிவிட்டுப் போனது. குடம் நசுங்கியது. ஒரு அடி முன்னே நின்றிருந்தால் நசுங்கியிருப்பது வேறு.

மாமா எழுந்து கேட்டது இவ்வளவுதான்: "தலைவரே, தொட்டி கீது, பைப்பு கீது. நடுவுல ரெண்டையும் சேத்து வுடறதுக்கு இன்னா தடை?"

அவர் போனபோது பழுப்பு வரிசை நிறைந்திருந்தது. முட்டி வலியோடு நிற்க முடியாமல், காலியாகக் கிடந்த சந்தன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்துதான் எழுந்து கேட்டார். உடனே அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள் பக்கமிருந்து சத்தம்: "யோவ் தணிகாசலம், அங்க குந்திகினு எங்களாண்ட கேக்கறியா? அவுங்களையே கேளு!" இந்தப் பக்கம் கைதட்டல்: "அண்ணாத்த நம்மாளு! கேளுண்ணாத்த!" மாமா திரும்பிப் பார்ப்பதற்குள் சேகர் பின்னாலிருந்து சால்வையைப் போட்டார். இப்படி வருகிறவர்களுக்காகவே வண்டியில் இரண்டு சால்வை வைத்திருப்பாராம். படம் எடுத்தாயிற்று. தள்ளுமுள்ளு. பற்றாளர் என்று மேலேயிருந்து வந்திருந்த அதிகாரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சபை கலைந்தது.

கேள்வி அங்கேயே கிடந்தது, மிதிபட்டு.

3

சபை கலைந்து ஊரில் நாற்காலிகளை அடுக்கி முடிப்பதற்குள் அந்தப் படம் பெர்கனுக்கு வந்துவிட்டது. தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வரவில்லை. கடல்களையும் கண்டத்தையும் தாண்டி வெறுப்பு மட்டும் நொடியில் வந்து சேர்கிறது. இதற்கு எந்தத் தீர்மானமும் தேவைப்படவில்லை, எந்த ஒப்பந்தக்காரரும் தேவைப்படவில்லை.

குழுவில் எழுதினேன்: அவர் தண்ணீர் கேட்கப் போனார், முட்டி வலியில் உட்கார்ந்தார்.

மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்யும் சிவகுமார் பதில் போட்டார்: "இந்தக் காலத்துல யாரும் சும்மா உட்கார மாட்டாங்க பாஸ்."

சிவகுமார் ஊருக்குப் போயே வருஷக் கணக்காகிறது. போனாலும் பழவந்தாங்கல் அடுக்குமாடியில் இறங்கி, அங்கிருந்தே விமானம் ஏறிவிடுவார். பெர்கனில் அவர் வீட்டுக் குழாயைத் திருகினால் மலை ஏரித் தண்ணீர் கொட்டுகிறது. இருந்தும் எங்கள் ஊர் முட்டி வலிக்கு அவரிடம் ஒரு அரசியல் விளக்கம் இருக்கிறது.

இது ஒரு சிவகுமார் சமாசாரமில்லை. போன பொங்கலுக்கு இந்த ஊரில் நாங்கள் இரண்டு பொங்கல் வைத்தோம். ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் போலிருக்கும் குடும்பங்கள், ஒரே சனிக்கிழமை, இரண்டு மண்டபங்கள். தமிழ்நாட்டில் யாரை ஆதரிக்கிறோம் என்பதை வைத்துப் பிரிந்தோம்; அங்கே ஓட்டுப் போட எங்களில் பெரும்பாலோருக்கு உரிமையே கிடையாது. கரும்பு மட்டும் ஒரே கடையிலிருந்து வந்தது. கடைக்காரர் உதயன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். கட்டைப் பிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்:

"உங்கட ஆக்களுக்கு என்ன விசரே தம்பி? நாங்கள் பிரிஞ்சு பட்டது காணாதெண்டே நீங்களும் பிரியிறியள்?"

விசர் என்றால் அவர்கள் ஊரில் பைத்தியம். எங்கள் பாதிக் கரும்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கரும்பு கனக்கவில்லை. அந்தக் கேள்வி கனத்தது.

4

என் மகள் யாழினிக்குப் பதினேழு வயது. இரண்டு பொங்கலுக்கும் அவள் வரவில்லை. அவளுடைய தமிழ் சமையலறையில் தொடங்கிச் சமையலறையிலேயே முடிந்துவிடும். நான் கைபேசியில் சிவகுமாரோடு கத்திக்கொண்டிருந்தபோது அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பஞ்சாயத்து பண்ணாதீங்க."

பஞ்சாயத்து என்றால் அவளுக்குச் சண்டை. படங்களிலிருந்தும் எங்கள் பேச்சிலிருந்தும் அவள் பொறுக்கிக்கொண்ட அர்த்தம். ஊராட்சி என்றால் என்ன, கிராம சபை என்றால் என்ன என்று விளக்கினேன். நாற்காலிக் கதையையும் சொன்னேன். அவள் நார்வேஜியனும் தமிழுமாகக் கலந்து கேட்டாள்:

"யார் வேணும்னாலும் வரலாம், கேக்கலாம். அப்ப ஏன் அத்தை தெருவுல எல்லாரும் போகல? தாத்தா மாதிரி ஒருத்தர் மட்டும் ஏன் போனார்?"

அத்தையின் கணவரை மாமா என்று கூப்பிட வேண்டும் என்று திருத்தினேன். கைபேசிக்குத் திரும்பிவிட்டேன்.

இங்கே அப்போது தேர்தல் காலம். நகரச் சதுக்கத்தில் எல்லாக் கட்சிகளும் வரிசையாகச் சின்னச் சின்னக் கடை போட்டு, கட்டம் போட்ட அப்பமான வாஃபிள் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. யாழினி ஒரு கட்சியின் இளைஞர் கடையில் நின்றாள். அவளுடைய உயிர்த்தோழி எதிர்க்கட்சிக் கடையில். மழை வலுத்ததும் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்றுகொண்டு மாவு தீர்ந்தவர்கள் பக்கத்துக் கடையில் கடன் வாங்குவதை வேடிக்கை பார்த்தார்கள். வெள்ளைக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதே வரிசையில் என் கையில் திணிக்கப்பட்ட ஒரு துண்டறிக்கை, என்னைப் போன்றவர்களை இனி எப்படிக் குறைப்பது என்று பேசியது. வாஃபிள் இனிப்பாகத்தான் இருந்தது. இங்கேயும் குரல்கள் தடித்துக்கொண்டுதான் வருகின்றன.

நூலகத்தில் முன்கூட்டியே ஓட்டுப் போடப் போனேன். இவ்வளவு வருஷம் ஆகியும் பதற்றத்தில் நாக்கு வழுக்குகிறது. எங்கே வாக்களிப்பது என்று கேட்பதாக நினைத்து, என்னை எங்கே தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன். மேசையில் இருந்த மூதாட்டி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்தத் தடவைக்கு நேரம் கடந்துவிட்டது. ஓட்டு மட்டும் போட்டுவிட்டுப் போங்கள்" என்றார்.

போட்டேன். இங்கே யார் எந்த மலைக்குள் சுரங்கம் குடைய வேண்டும் என்பதில் எனக்குச் சொல் உண்டு. குளத்தங்கரைத் தெருவின் தென்னை மர நீள மண்ணைத் தோண்டுவதில் இல்லை. ஆஸ்லோ தூதரகத்தில் என் இந்தியக் கடவுச்சீட்டை வாங்கி ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தந்த நாளில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: இனி நீங்கள் ஓசிஐ என்னும் வெளிநாடுவாழ் அட்டைக்காரர், விசா இல்லாமல் வரலாம் போகலாம், ஓட்டு மட்டும் கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை நாங்களே எடுத்துக்கொண்டோம்: எவ்வளவு வேண்டுமானாலும் தூண்டிவிடலாம்.

5

மாமா வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டார். அவருடைய கட்சி வாட்ஸாப் குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். டீக்கடையில் அவர் வந்ததும் பேச்சு நின்றதாம். சேகரோ தினமும் வீடு தேடி வந்து, "வாங்கண்ணாத்த, ஒரு பொறுப்பு வாங்கித் தரேன்" என்று நின்றாராம்.

செப்டம்பரில் ஒருநாள் மாமாவே பேசினார். "முப்பது வருஷம் கொடி கட்டினவன்டா ரவி. ஒருத்தன்கூட வந்து, யோவ் முட்டி எப்டி கீதுன்னு கேக்கல." அக்கா போனைப் பிடுங்கினாள்.

"இவரு அழுதுகினு கீறாரு. நான் இன்னும் ரோட்டத் தாண்டிகினுதான் கீறேன். இதுல எது பெரிய பேஜாரு, நீயே சொல்லு."

"கலெக்டர் ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..."

"உன் தெரிஞ்சவன வச்சிக்கோ. அவன் போன் பண்ணுவான், ஒரு நாள் லாரில தண்ணி வரும், போட்டோ எடுப்பான், பூடுவான். காந்தி ஜெயந்திக்கு சபை கீது. நானே போய்க் கேக்கப் போறேன்."

"எங்கே உட்காருவ?"

பின்னால் மும்தாஜ் அக்காவின் குரல் கேட்டது: "எங்க வூட்ல தையல் மிஷின் ஸ்டூல் ஒண்ணு கீது வசந்தா. நான் அத்த எடுத்துகினு வரேன்."

"அது எந்தக் கட்சி ஸ்டூல்?" என்றாள் அக்கா.

"ஜாக்கெட் கட்சி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டேன்.

அடுத்து வந்த நாள்களில் இரண்டு பேரும் வீடு வீடாக ஏறினார்கள். எல்லா வீட்டிலும் முதலில் வந்தது ஒரே கேள்வி: "யாரு அனுப்புனா உங்கள?" ஒரு வீட்டில் மும்தாஜ் அக்காவை வாசலிலேயே நிறுத்தி, உங்க ஆளுங்க ஓட்டு எப்பவும் அந்தப் பக்கந்தானே என்றார்களாம். "என் ஓட்டு எந்தப் பக்கமோ போவட்டும், என் குடம் ரோட்டுக்கு எந்தப் பக்கம் போவுதுன்னு பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார்.

என்னை அதிகம் கோபப்படுத்துவது அந்த முதல் கேள்விதான். தண்ணீர் இல்லை என்றால் யார் சொல்லச் சொன்னது. சாலையில் பயமாக இருக்கிறது என்றால் இது யாருக்குச் சாதகம். ஒரு மனுஷிக்குத் தானாகத் தாகம் எடுக்க முடியும் என்பதையே நம்ப மறுக்கும் ஊராகிவிட்டோம். கருத்து வேறுபாடு ஜனநாயகத்துக்கு ரத்த ஓட்டம் மாதிரி, இருக்கட்டும், ஓடட்டும். இது அதுவல்ல. கேட்கிறவன் முகத்தைப் பார்க்காமல் அவன் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக்கைப் பார்க்கிற நோய். தேர்தல் அன்று விரலில் மை வைத்துக்கொண்டு படம் போட்டுவிட்டால் தீர்ந்துவிடுகிற நோயில்லை. அந்த மை அழிந்த பிறகு, அடுத்த மை வரைக்கும், ஒவ்வொரு நாளும் யார் எழுந்து நிற்கிறார்கள், யார் அவர்களை நிற்க விடுகிறார்கள்?

6

அக்டோபர் இரண்டாம் தேதி தூறலாக இருந்ததாம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், சந்தனம், பழுப்பு, நடுவில் பாதை.

குளத்தங்கரைத் தெருவிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒன்று. தையல் ஸ்டூல், பிள்ளைகள் படிக்கும் குட்டை நாற்காலி, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி, ஒருத்தி மாவாட்ட உட்காரும் மணைப்பலகை. அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை அந்த நடுப்பாதையில் போட்டு உட்கார்ந்தார்கள். மாமாவையும் அக்கா இழுத்து வந்திருந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகக் கரை இல்லாத லுங்கியில் ஊர்க் கூட்டத்துக்கு வந்த மாமா, சாய்வு நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்தார்.

"இன்னா வசந்தா, மாமியார் வூட்டுக்குப் போற மாதிரி சீரோட வந்துகீற?" என்று பழுப்பிலிருந்து ஒரு கேலி.

"ஆமாண்ணா. நீ வாடகைக்குக் குந்திகினு கீற. நான் சொந்தத்துல குந்தறேன்."

சேகர் விடுவதாக இல்லை. எழுந்து வந்து, "தெருவே நம்ம பக்கம் வந்துடுச்சி" என்று ஆரம்பித்து, மும்தாஜ் அக்காவின் தோளில் சால்வையைப் போடப் போனார். மும்தாஜ் அக்கா இரண்டு கையாலும் அதைப் பணிவாக வாங்கிக்கொண்டார். தூறலில் நனைந்திருந்த தன் ஸ்டூலை அதால் நன்றாகத் துடைத்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல துணி சேகரு, தண்ணிய நல்லா இஸ்துக்குது."

இரண்டு பக்கமும் சிரித்துவிட்டது. பல காலத்துக்குப் பிறகு அந்தப் பந்தல் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தது அப்போதுதான் என்றாள் அக்கா.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். மாமா கேட்டு மிதிபட்ட அதே கேள்வியை அப்படியே கேட்டாள். தலைவர் பழைய ஆட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். "யாரு கட்டுனாங்கன்னு கேக்கல தலைவரே, எப்ப சேப்பீங்கன்னு கேக்கறேன்." சேகர் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்: "தட்டாத. நீ கட்டுன தொட்டிலயும் எங்களுக்கு ஒரு சொட்டு வரல." கைகள் நின்றன. இந்த முறை வந்திருந்த பற்றாளர் இளம்பெண். தீர்மானமாக முன்மொழிகிறீர்களா, ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்.

நடுப்பாதையில் எல்லாக் கைகளும் எழுந்தன. பக்கங்களில் ஒன்றும் எழவில்லை. எல்லோரும் தத்தம் வரிசையின் முன் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தல் துணியில் தூறல் விழும் சத்தம் மட்டும். அப்போது பழுப்பு வரிசையின் கடைசியிலிருந்து ஒரு கை; மாமாவைக் கட்சிக் குழுவிலிருந்து நீக்கியவரின் அம்மா. "எனக்கும் அந்தத் தெருதாண்டா, முறைக்காத" என்று மகனைப் பார்த்தே சொன்னாராம். பிறகு சந்தனத்தில் இரண்டு. பிறகு எண்ண வேண்டியிருக்கவில்லை.

7

தீர்மானம் நிறைவேறிய மகிழ்ச்சியில் நான் பெர்கன் குழுவில் நீளமாக ஒரு பதிவு போட்டேன். மக்களாட்சி வாழ்க என்ற வகையில். அக்காவின் படத்தோடு. அன்று மாலையே அழைத்துவிட்டாள்.

"எடு அத்த. யாரோ நம்ம ஊரு குரூப்புக்கு அனுப்பிகீறான். வெளிநாட்டுல இருந்து ஆளு வச்சி நடத்துறாங்கன்னு பேசறானுங்க. இன்னா கஷ்டப்பட்டு அது யாருதும் இல்லாம ஆக்கிகீறோம், நீ வந்து பேரு எழுதற."

எடுத்தேன். அவளைத் தவிர வேறு யார் சொல்லியிருந்தாலும் வாதாடியிருப்பேன்.

குழி தோண்டினார்கள். தோண்டியதோடு சரி. மழை தொடங்கிவிட்டது. குழியில் தண்ணீர் நிற்கிறது, குழாயில் இன்னும் இல்லை. குழிக்கு அந்தப் பக்கம் ஒரு பேனர், இந்தப் பக்கம் ஒரு பேனர். இரண்டு முகாமும் தத்தம் தலைவருக்கு நன்றி சொல்லியிருக்கின்றன. அக்காவும் மும்தாஜ் அக்காவும் இன்னும் குடத்தோடு ஈசிஆரைத் தாண்டுகிறார்கள். மாமா டீக்கடைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லையாம். முட்டியைப் பற்றி ஒருவர் விசாரித்தாராம்.

நேற்றுக் காலை வேலைக்குப் போக நிறுத்தத்தில் நின்றபடி அக்காவை அழைத்தேன். இப்படி ஏமாற்றுகிறார்களே, இத்தனைக்குப் பிறகும் இப்படியா என்று குமுறினேன். பற்றாளருக்கு எழுதவா, பத்திரிகைக்கு எழுதவா என்றேன். அவள் நடக்கும் சத்தம் கேட்டது. செருப்பு சேற்றில் அழுந்தும் சத்தம். யாரோ பைக்கை உதைக்கும் சத்தம்.

"அக்கா, கேக்கறியா?"

"டேய், அப்பறம் பேசறேன். ஓவர்சியர் வந்துகீறான், குழியப் பாத்துட்டு நைசா கெளம்பறான். மும்தாஜு, அந்தப் பக்கமா வண்டிய மறி! வை, வை போன. அவன் கெளம்பறதுக்குள்ள கேக்கணும்."

வைத்துவிட்டாள்.